குதிரை வரும்வரை ஒரு சுற்று

1961 மே மாதம் வரை பிரிட்டனில் வசதியுள்ளவர் குதிரைமேல் பணம் கட்டினால் பொழுதுபோக்கு, தொழிலாளி கட்டினால் குற்றம். பந்தயம் பிடிக்கும் புக்கியிடம் கணக்கு வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே தொலைபேசியில் கடனுக்குப் பந்தயம் கட்டலாம். ரொக்கமாகக் கட்டப் பந்தயத் திடலுக்கே போக வேண்டும். வேலைநாளில் யாரால் முடியும்? அதனால் தெருமுனையிலும் மதுக்கடையிலும் ஆலை வாசலிலும் புக்கியின் ஆள் நின்றான். துண்டுச்சீட்டும் சில்லறையும் ரகசியமாகக் கை மாறின. சிலரிடம் கடிகாரம் பொருத்திய பை ஒன்று இருந்தது. பையைப் பூட்டிய நேரத்தை அது பதிந்துவிடும். ஓட்டம் முடிந்தபின் எவனும் ஜெயித்த குதிரையின் பெயரை எழுதிச் செருகிவிடக் கூடாதல்லவா! 1906-ம் ஆண்டின் தெருப் பந்தயத் தடைச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் சாதித்தது இவ்வளவுதான்.

1960-ல் சட்டம் மாறியது. அடுத்த ஆண்டு மே 1-ம் தேதி பந்தயக் கடைகள் திறந்தன. ஆறே மாதத்தில் சுமார் 10,000 கடைகள். ஆனால் அரசு அனுமதித்ததே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். தெருவில் போகிறவர் கண்ணில் உட்புறம் படக் கூடாது, தொலைக்காட்சி கூடாது, தேநீர் கூடாது. ஒலிபெருக்கியில் வர்ணனை கேட்கும். பலகையில் ஒருவர் விகிதங்களை அழித்து அழித்து எழுதுவார். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் ராப் பட்லரே, ஈமச்சடங்கு நடத்துபவரின் கடைபோல் ஆக்கிவிட்டோம் என்கிற பொருளில் பின்னாளில் எழுதினார். தொலைக்காட்சியும் சூடான பானமும் உள்ளே வர 1986 ஆனது.

சூதாட்ட மேசைகள் இருந்த உலகம் முற்றிலும் வேறு. 1968-ம் ஆண்டுச் சட்டப்படி காசினோ என்பது உறுப்பினர்களுக்கான மன்றம். குறிப்பிட்ட ஊர்களில் மட்டும்தான் அனுமதி, விளம்பரத்துக்கும் கடும் கட்டுப்பாடு. உறுப்பினராக விண்ணப்பித்தவர் 48 மணிநேரம் காத்திருந்த பிறகே மேசையில் உட்கார முடியும். போதையிலோ ஆத்திரத்திலோ வாசலுக்கு வந்தவன் வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தூங்கி எழ வேண்டும். அப்புறமும் ஆட ஆசை இருந்தால் வரலாம். சூதாட்டத்தைப் பற்றி எந்த அரசும் எழுதிய விதிகளில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஒன்றை நான் படித்ததில்லை. பிறகு அது தளர்ந்து, 2005-ல் போயே போய்விட்டது.

ஆக, பந்தயக் கடை ஒரு பக்கம், காசினோ ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே சட்டத்தோடு சேர்ந்து நேரமும் நின்றது. குதிரைப் பந்தயத்தில் ஓர் ஓட்டம் முடிந்தால் அதே திடலில் அடுத்தது அரைமணி கழித்துத்தான். நடுவில் செய்ய ஒன்றுமில்லை. செய்தித்தாளைப் புரட்டலாம், பக்கத்தில் நிற்பவரோடு வம்பளக்கலாம், அல்லது கையில் இருப்பது போதும் என்று கிளம்பிவிடலாம்.

முதல் உடைப்பு வரிச் சீர்திருத்தம் என்ற பெயரில் வந்தது. 2001 அக்டோபர் வரை கடையில் பந்தயம் கட்டுகிறவரிடம் வரியாக 9 சதவீதம் பிடித்தார்கள். ஒற்றைப் பூஜ்ய ரூலட் சக்கரத்தில் ஆட்டத்தை நடத்துபவருக்குச் சராசரியாக மிஞ்சுவதே 2.7 சதவீதம். அதன்மேல் 9 சதவீத வரியை ஏற்றினால் யார் ஆடுவார்கள்? நிதியமைச்சர் கார்டன் பிரவுன் அந்த வரியை எடுத்துவிட்டுக் கடையின் லாபத்தின்மீது 15 சதவீதம் விதித்தார். உடனே ரூலட் இயந்திரம் பந்தயக் கடைக்குள் வந்து நின்றது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கணினி வேறிடத்தில் இருப்பதால் இது சூதாட்டமல்ல, தொலைவில் நடக்கும் நிகழ்வின்மீது கட்டும் பந்தயம்தான் என்று புக்கிகள் வாதாடினார்கள்! 20 விநாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை வைக்கலாம். அதை 2 பவுண்டாகக் குறைக்க 2019 ஏப்ரல் வரை ஆயிற்று. அதற்கு முன், தாமதத்தைக் கண்டித்து டிரேசி கிரவுச் என்ற அமைச்சர் பதவி விலக வேண்டியிருந்தது.

அதற்குள் ஆட்டம் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இன்றைய செயலியில் கால்பந்து, குதிரை, ரூலட், பிளாக்ஜாக் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு, ஒரே பணப்பை. ஆட்டம் நடக்கும்போதே அடுத்த கோல் யாருடையது, அடுத்த கார்னர் யாருக்கு என்று கட்டலாம். அப்படியும் கால்பந்தில் 15 நிமிட இடைவேளை உண்டு. காயம்பட்டவர் எழுந்திருக்க நேரமாகும், நடுவர் திரையைப் பார்க்கப் போவார். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் நேரலைக் காசினோ.

எவல்யூஷன் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2006-ல் தொடங்கியது. லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் அதற்குப் பெரிய ஆட்டக்கூடங்கள் உண்டு. நிஜ மேசை, நிஜச் சக்கரம், நிஜ மனிதர். சுழலும் பந்தைக் கேமரா காட்டுகிறது, சீட்டு எது என்று கருவி படித்துவிடுகிறது. நீங்கள் தட்டெழுதினால் டீலர் சிரித்துக்கொண்டே வாயால் பதில் சொல்வார். அதே நிறுவனம் அந்தர் பாகரையும் நடத்துகிறது. நம் ஊரில் ‘உள்ளே, வெளியே’ என்று கத்திக்கொண்டு ஆடும் மங்காத்தாவேதான். (2025-ல் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. பிரிட்டன் அந்த வழியில் போகவில்லை.)

இரண்டு உலகமும் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதைப் பார்க்க, அந்த நிறுவனத்தின் ‘ஃபுட்பால் ஸ்டுடியோ’ ஒன்றே போதும். பச்சை மேசை. ‘சொந்த அணி’ பக்கம் ஒரு சீட்டு, ‘எதிரணி’ பக்கம் ஒரு சீட்டு. பெரிய சீட்டு ஜெயிக்கும். சமன் ஆனால் வைத்ததில் பாதி போய்விடும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் சீட்டைத் திருப்புகிறவர் அன்றைய கால்பந்து ஆட்டங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். யார் கோல் போட்டார், எந்த அணி தடுமாறுகிறது என்பதெல்லாம் வரும். மைதானத்துக்கும் அந்த இரண்டு சீட்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கால்பந்து தெரிந்தவன் தன் அறிவைக் கொண்டு ஆடுவதாக நினைத்துக்கொள்ள மட்டும் அந்தப் பேச்சு உதவும்.

ரூலட்டின் 2.7 சதவீதம் என்பது பல பந்தய விகிதங்களில் புக்கி வைத்துக்கொள்வதைவிடக் குறைவுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது. 10 பவுண்டு வைத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று ஆடினால் ஒரு மணிநேரத்தில் 600 பவுண்டு சக்கரத்தின்மேல் போய்வருகிறது. சராசரி இழப்பு 16 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதே ஒரு மணிநேரத்தில் குதிரைத் திடலில் இரண்டு ஓட்டம், மிஞ்சினால் மூன்று.

இப்போது பிரிட்டன் மறுபடி சுவர் எழுப்பப் பார்க்கிறது. 2025 மே முதல், பந்தய விளம்பரம் வேண்டும் என்று சொன்னவருக்குக் காசினோ விளம்பரத்தையும் சேர்த்து அனுப்ப முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். ‘ஆட்டத்தில் பந்தயம் கட்டுங்கள், ஸ்லாட்டில் இலவசச் சுற்று பெறுங்கள்’ என்பது போன்ற கலப்புச் சலுகைகளுக்கு 2026 ஜனவரி 19 முதல் தடை. பலவகை ஆட்டங்களைக் கலந்து ஆடுகிறவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்பது சூதாட்ட ஆணையம் சொன்ன காரணம்.

சலுகையைப் பிரித்தாயிற்று, பணப்பை ஒன்றாகவேதான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த 5 பவுண்டு உச்சவரம்பும் இணைய ஸ்லாட்டுகளுக்கு மட்டும்தான். மனிதர் சுழற்றும் ரூலட்டுக்கு அது பொருந்தாது.

வரியிலும் பிரிவினை வந்திருக்கிறது. 2025 நவம்பர் பட்ஜெட் இணையக் காசினோ வரியை 21-லிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது. 2026 ஏப்ரலிலிருந்து நடைமுறை. இணைய விளையாட்டுப் பந்தயத்துக்கு 2027 ஏப்ரல் முதல் 25 சதவீதம், குதிரைப் பந்தயத்துக்குப் பழைய 15-தான். ஆகவே ஒரு கால்பந்து ரசிகர் இடைவேளையில் ஃபுட்பால் ஸ்டுடியோவில் தோற்கும் பவுண்டுக்கு ஒரு வரி, ஆட்டம் மறுபடி தொடங்கியதும் தன் அணியின்மேல் கட்டித் தோற்கும் பவுண்டுக்கு வேறு வரி. இரண்டையும் கட்டப்போவது ஒரே நிறுவனம். அது தன் ரசிகரை எந்தப் பக்கம் தள்ளப் பார்க்கும் என்பது அடுத்த ஆண்டுகளின் கணக்கேடுகளில் தெரிந்துவிடும்.