மேசை லாச்சியில் கிடக்கும் பாம்

பெல்மதுளைச் சந்தியில் ஒரு பாதை பலாங்கொடைக்கும் மற்றொன்று எம்பிலிப்பிட்டியவுக்கும் பிரிகின்றது. இரு பக்கத்து ஆட்களுக்கும் கடன் கொடுத்து வியாபாரம் செய்பவருக்குக் கடன் கொப்பியும் தொலைபேசி இலக்கங்களுமே முதலில் பாதி. 2003 மே மாதத்து வெள்ளத்திற்குப் பின்னர், நனைந்த கொப்பியில் மை திரும்பி வராது என்பதை இரத்தினபுரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அக்காலத்தில் வசதியுள்ள சிலர் பாம் என்ற கைக்கணனியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

அண்மையில் ஒரு வியாபார நண்பர் அதில் ஒன்றைக் கொண்டுவந்து, "நாநா, இதில இருக்கிற நம்பர்கள எடுக்க ஏலுமா?" என்று கேட்டார். கல் வாங்கும் பழைய ஆட்களின் விபரமெல்லாம் அதில்தானாம்.

முதலில் பார்க்கவேண்டியது மொடல். 2002இல் வந்த சயர் போன்றவற்றில் மின்கலம் முழுமையாக இறங்கினால் நினைவகமும் வெறுமையாகிவிடும். வருடக்கணக்கில் லாச்சியில் கிடந்திருந்தால் அதில் ஒன்றும் இராது. 2004இன் டங்ஸ்டன் டி5, 2005இன் டி.எக்ஸ். போன்றவை அப்படியல்ல, சார்ஜ் பண்ணினால் விபரங்கள் இருக்கும். நண்பருடையது டி.எக்ஸ். அவருடைய நல்ல காலம்.

பாம் நிறுவனத்தை எச்.பி. 2010இல் வாங்கி, மறு வருடமே அந்தக் கருவிகளைக் கைவிட்டது. பாமுடன் வந்த மென்பொருளோ பழைய விண்டோசுக்குரியது. ஆனால் காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸில், ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் என்ற கருவிக்காக எழுதப்பட்ட 'வைசர்' ட்ரைவர் பாமுக்கும் பொருந்துகின்றது. ஜே-பைலட் என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும்.

பலர் தடுமாறுவது ஒழுங்குமுறையில்தான். யூ.எஸ்.பி. வயரைச் செருகியவுடன் கணனிக்குப் பாம் தெரியாது. பாமில் ஹொட்சிங்கை அழுத்திய பின்னரே தெரியும். சற்று நேரத்தில் மறைந்தும் போகும். ஆகவே முதலில் பாமில் அழுத்துங்கள், ஓரிரு விநாடி பொறுங்கள், பிறகு ஜே-பைலட்டில் அழுத்துங்கள். இரண்டு வாயில்கள் தோன்றும். பெரும்பாலும் இரண்டாவதே, அதாவது டி.டி.வை. யூ.எஸ்.பி. 1 என்பதே சரியானது. அனுமதி இல்லை என்று கணனி மறுத்தால், உபுண்டு, டெபியன் வகைகளில் உங்கள் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்கவேண்டும்.

சயர் வைத்திருந்தவர்களும் உடனே மனம் தளரவேண்டாம். முன்பு எப்போதாவது லினக்ஸ் கணனியுடன் ஒத்திசைத்திருந்தால், அந்தக் கணனியின் மறைந்த ஜே-பைலட் கோப்புறையில் பிரதி ஒன்று இருக்கும். பழைய கணனியை இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள். வெறுமையான பாமை அதோடு இணைத்துச் சோதிக்கப் போகாதீர்கள். முதலில் அந்தக் கோப்புறையை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

நண்பரின் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் வந்து சேர்ந்தன. வீகார்ட் கோப்பாக மாற்றி அவருடைய இன்றைய போனில் ஏற்றினோம். கொழும்பு இலக்கங்கள் சில பழைய ஆறு இலக்கத்திலேயே இருந்தன; அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்.