என் எக்ஸெல்ல விட்டுப்போன ஒரு காலம்: ஃபுட் ப்ராசஸர் வாங்கலாமா, வேண்டாமா?

"மிக்ஸிதான் இருக்கே, அப்புறம் ஃபுட் ப்ராசஸர் எதுக்கு?" மூணு வருஷம் முன்னாடி என் மனைவி வாங்கலாமான்னு கேட்டப்போ நான் சொன்ன பதில் இது. சொன்னதோட நிக்காம, சிஏ ஆச்சே, எக்ஸெல் ஷீட்டும் போட்டேன். விலை 8,490 ரூபாய், ஆயுள் 5 வருஷம், அதனால வர்ற வருமானம் பூஜ்யம். "தேவையில்லாத செலவு"ன்னு சிவப்புல கலர் அடிச்சு முடிச்சாச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல.

அந்தக் கணக்கு தப்பு. அது புரிய எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

எங்க வீட்டுல காலைச் சமையல் அம்மாதான். வயசு 64. வலது கை மணிக்கட்டுல, கட்டைவிரலுக்குக் கீழ ரொம்ப நாளா வலி. ஒருநாள் குக்கர் மூடியே திறக்க முடியாம போனதும்தான் டாக்டர்கிட்ட காட்டினோம். கையில பட்டை மாட்டிவிட்டு, "மூணு வாரத்துக்குப் பிசையறது, துருவுறது, நறுக்குறது எதுவும் கூடாது"ன்னுட்டார். மனைவிக்கு 7:40க்கு ஆபீஸ் பஸ். மிச்சம் இருக்கிற ஆள் நான்.

முதல் நாள் தொழில் புத்தி விடல, போன்ல டைமர் வச்சேன். வெங்காயம் தக்காளி நறுக்க 14 நிமிஷம். முட்டைக்கோஸ் 11. தேங்காய் துருவ 9. சப்பாத்தி மாவு பிசைய 13. ஆக 47 நிமிஷம், இன்னும் அடுப்பே பத்த வைக்கல. நான் புதுசு, அம்மா வேகமா செய்வாங்கன்னு நினைச்சு அவங்ககிட்ட கேட்டேன். "அதெல்லாம் யாருப்பா மணி பார்த்தா, ஒரு முக்கால் மணி நேரம் ஆகும்"னாங்க.

அதே வாரம் என் ஆபீசுக்கு மெஸ் நடத்துற ஒரு தம்பதி வந்திருந்தாங்க. மாசம் நல்லா லாபம்னு கணக்கு காட்டினாங்க. நான் வழக்கமா எல்லாருக்கும் சொல்றதையே அவங்களுக்கும் சொன்னேன்: "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் காலைல 4 மணிக்கு எழுந்து வேலை பார்க்கிறீங்களே, அந்தச் சம்பளத்தைச் செலவுல எழுதினீங்களா? எழுதலைன்னா இது லாபமே இல்ல." சொல்லி முடிச்சதும் எனக்கே சுருக்குன்னுச்சு. என் வீட்டு ஷீட்ல அம்மாவோட உழைப்புக்குக் காலமே இல்லையே!

2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் செலவழிக்கிறாங்க. செய்ற ஆண்கள் 88 நிமிஷம். எங்க வீட்டுல என் பங்கு அந்த 88ல பாதிகூட வராது.

சரி, வாங்கிட்டோம். இப்ப அதே நாலு வேலை, கழுவுறதையும் சேர்த்து 18 நிமிஷம். மிச்சம் 29. வாரம் நாலு நாள்னா வருஷத்துக்குச் சுமார் 100 மணி நேரம். சமையல் உதவிக்கு ஆள் கேட்டப்போ எங்க ஏரியாவுல மணிக்கு 100 ரூபாய் சொன்னாங்க. அந்த ரேட்டுக்கே வருஷம் 10,000 ரூபாய். மெஷின் விலை ஒரு வருஷத்துல வந்துடுது. நான் "வருமானம் பூஜ்யம்"னு எழுதின அதே மெஷின்.

ஆனா ஒண்ணு. இது உபயோகிச்சாத்தான். வருஷம் 208 தடவைன்னா ஒரு தடவைக்கு 8 ரூபாய் சொச்சம்தான் ஆகுது. பொங்கல், தீபாவளி, விருந்தாளின்னு 20 தடவை மட்டும் எடுத்தா 85 ரூபாய். முதல் மாசம் எங்க வீட்டு மெஷின் அட்டைப்பெட்டியோட பரண்ல இருந்துச்சு. ரெண்டே தடவைதான் இறங்கிச்சு. மேடையில பிளக் பக்கத்துல நிரந்தரமா இடம் ஒதுக்கின பிறகுதான் கணக்கு மாறிச்சு. உங்க மேடையில இடம் இல்லையா? வாங்காதீங்க.

மிக்ஸிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மிக்ஸி ஜார் குறுகல், வேகம் ஜாஸ்தி, அரைக்கத்தான் அது. இதுல கிண்ணம் அகலம், வேகம் கம்மி, அதனால பொருள் கூழாகாம வெட்டுப்படும். வெங்காயத்தை நாலா வெட்டி, பாதிக் கிண்ணத்துக்கு மேல போடாம, பல்ஸ் பட்டனை நாலஞ்சு தடவை விட்டு விட்டு அழுத்துங்க. தொடர்ந்து ஓட விட்டா தண்ணி விட்டு, வதக்கும்போது கசக்கும். நான் முதல் நாள் அப்படித்தான் ஒரு கிலோ வெங்காயத்தை வீணாக்கினேன்.

சப்பாத்திக்கு 2 கப் மாவு, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். ஓடும்போதே மேல் குழாய் வழியா தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். ஒரு நிமிஷத்துக்குள்ள உருண்டையா சேர்ந்துடும், உடனே நிறுத்திடுங்க. ஆசைப்பட்டு 4 கப் போட்டா மோட்டார்ல கருகின வாடை வரும். ரெண்டு ஈடா போடுறதுதான் நல்லது.

இன்னொரு விஷயம், வரிசை. தேங்காய் முதல்ல, அடுத்து கேரட் அல்லது கோஸ், கடைசியா வெங்காயம். இப்படிப் போனா நடுவுல கழுவ வேண்டியதில்ல. முடிஞ்சதும் தண்ணி, ஒரு சொட்டு சோப்பு விட்டு 10 செகண்ட் ஓட்டினா பாதி வேலை முடிஞ்சது. பிளேடை மட்டும் சிங்க்ல மத்த பாத்திரங்களோட போட்டுடாதீங்க, கையைப் பதம் பார்த்துடும்.

எதுக்கு ஆகாது? பீன்ஸ் பொரியலுக்குச் சீரா வெட்டாது. வாழைப்பூ, கீரை கையிலதான். சின்ன வெங்காயத்துல வேலையே உரிக்கிறதுதான், அதை எந்த மெஷினும் செஞ்சு தரல. இட்லி மாவுக்கு கிரைண்டர்தான். இஞ்சி பூண்டு விழுது கொஞ்சமா வேணும்னா மிக்ஸியே போதும்; மொத்தமா போட்டு ஐஸ் ட்ரேல உறைய வைக்கிறதா இருந்தா இதுல பண்ணலாம்.

கரண்ட் பத்தி கவலையே வேண்டாம். 1,000 வாட்ஸ் மோட்டார் தினமும் 6 நிமிஷம் ஓடினா மாசத்துக்கு 3 யூனிட்.

கவலைப்பட வேண்டியது "நோ காஸ்ட் இஎம்ஐ" பத்தி. 8,490 ரூபாயை 6 மாசம் பிரிச்சா மாசம் 1,415. வட்டி இல்லைன்னுதான் தோணும். ஆனா வட்டியைத் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சுட்டு, உங்க கார்டுல பேங்க் அதைத் திரும்ப வசூலிக்குது. 15% வட்டின்னு வச்சா அது சுமார் 360 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி 65 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் ஃபீ 199ன்னா ஜிஎஸ்டியோட 235. ஆக 300 ரூபாய் கூட. காசு இருந்தா மொத்தமா கட்டிடுங்க.

மெஸ் அண்ணனும் இப்ப ஒண்ணு வாங்கப் போறாராம். அவர் 5% ஜிஎஸ்டில இருக்கிறதால இன்புட் கிரெடிட் கிடைக்காது, ஆனா வருமான வரில வருஷம் 15% தேய்மானம் எடுக்கலாம். வீட்டு உபயோக மாடல் வேண்டாம், கடைக்குன்னு விக்கிற ஹெவி டியூட்டி மாடலா பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.

திருத்தின ஷீட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவுல திறந்து காட்டுறேன். புதுசா ஒரு காலம் சேர்த்திருக்கேன், "யார் கை?"ன்னு பேரு. அம்மா இப்ப மாவு, கோஸ் ரெண்டையும் மெஷின்ல போட்டுடுறாங்க. தேங்காயை மட்டும் இன்னும் துருவியிலதான் துருவுறாங்க, "பூ மாதிரி வராதுடா அதுல"ன்னு. வலி இருக்கிற நாள்ல அதை நான் துருவுறேன். 9 நிமிஷம் இப்ப 6 ஆயிருக்கு.