கடைசிச் சிப்பாய் – 12: சேட்டு வேண்டாம் என்ற மெடல்

போன வாரம் வேலூரில் இருக்கும் முதல் உலகப்போர் நினைவுக் கல்லோடு நிறுத்தினோம்: ஊரிலிருந்து போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம் இரண்டாம் உலகப்போர்க் கால உளுந்தூர்பேட்டை விமான ஓடுதளத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். நடக்கவில்லை. திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பி, வாரத்தையே சாப்பிட்டுவிட்டார்.

"எங்க தாத்தாவோட அப்பா மெடல் சார். பாட்டியோட வெத்தலப் பெட்டியில கெடந்துச்சு."

ரிப்பன் இல்லை. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், கிரீடம் இல்லாத தலை, இடப்பக்கம் பார்த்தபடி. பின்பக்கம் பிறந்தமேனியாய் ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறான். குளம்படியில் கழுகு பொறித்த பிரஷ்யக் கேடயம், பக்கத்தில் மண்டையோடு. பிரிட்டிஷ் வார் மெடல். முதல் உலகப்போர்க்காரர்கள் வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, இது இருக்கும். சுமார் 65 லட்சம் அடித்தார்கள். அதனால் அலட்சியமாகத்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசிப் படத்தில் மெடலின் விளிம்பு. அதில்தான் பெயர், பதவி, பட்டாளம் எல்லாம் பொறித்திருப்பார்கள். இந்த விளிம்பில் பெயருக்கு முன்னால் 'குக்' என்று இருந்தது. பட்டாளம், விக்டோரியா மகாராணி பெயர் தாங்கிய 2-ஆம் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம் மதராஸ் சப்பர்ஸ்தான். அவர் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

போன் போட்டேன்.

"சமையல்காரர்னு வீட்ல யாரும் சொன்னதே இல்ல சார். பட்டாளத்துக்குப் போய்ட்டு வந்தாரும்பாங்க. நாங்க துப்பாக்கி புடிச்சிருப்பாருன்னு நெனச்சிட்டிருந்தோம்."

மெடலின் நிறம் என்ன என்று கேட்டேன். ஐந்து பைசாகூடப் பெறாத சாமான் என்று சிரித்தார். "எங்க அப்பா ஒருதரம் அடகு வைக்க எடுத்துட்டுப் போனாராம். சேட்டு கையில வாங்கிப் பாத்துட்டு, இது வெங்கலம், பாத்திரக் கடைக்குப் போன்னு திருப்பிக் குடுத்துட்டாராம்."

எனக்கு அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை. அந்த மெடலை இரண்டு உலோகத்தில் அடித்தார்கள். ஆயுதம் ஏந்தியவனுக்கு வெள்ளி. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்கும், பட்டாளத்தின் பின்னால் போன சமையல்காரர், சுமைகூலி போன்ற பணியாளர்களுக்கும் வெண்கலம். அதே ராஜா, அதே குதிரை, அதே 36 மில்லிமீட்டர் வட்டம். வெண்கலத்தில் அடித்தவை ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான். யாருக்கு மரியாதை எவ்வளவு என்று எழுத்தில் எழுதாமல் உலோகத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் வெள்ளிக்கு ஒரு கேடு உண்டு: அதற்கு விலை உண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி தாறுமாறாக ஏறியபோது இங்கிலாந்திலேயே இந்த மெடல்கள் கணக்கில்லாமல் உலைக்குப் போயின. நம் ஊரில் அதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கல்யாணம், ஒரு பஞ்சம் போதும். சிப்பாய்களின் வெள்ளி எத்தனை கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறியதோ! திண்டிவனத்துச் சமையல்காரரின் வெண்கலம் வெற்றிலைப் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அந்தச் சேட்டுக்கு இந்தத் தொடரின் சார்பில் ஒரு கும்பிடு.

இப்போது நான் இங்கிலாந்துக்குத் தாவப்போகிறேன். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களில் உலகத்திலேயே கடைசியாக உயிரோடு இருந்தவர் யார்? பிளாரன்ஸ் கிரீன் என்ற பெண்மணி. 2012 பிப்ரவரி 4-ல், 111-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலமானார். அவர் போரில் செய்த வேலை, விமானப்படை அதிகாரிகளின் மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறியது. 1918 செப்டம்பரில் 17 வயதில் பெண்கள் விமானப்படையில் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் போர் முடிந்துவிட்டது. சோம், வெர்டன், மெசபடோமியா எல்லாவற்றையும் கடந்து, அத்தனை கோடிப் பேரின் வரிசையும் கடைசியில் ஒரு சாப்பாட்டுத் தட்டில் போய் முடிந்திருக்கிறது!

அதைவிட முக்கியம், அவரை அப்படி அங்கீகரித்ததே 2010 வாக்கில்தான். ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப்பதிவைத் தேடி எடுத்தார். அதுவரை அவர் கிங்ஸ் லின் ஊரில் ஒரு வயதான பாட்டி, அவ்வளவுதான். தாள் கிடைத்தது, விமானப்படை வந்தது, சவப்பெட்டிமேல் கொடி போர்த்தியது.

பிரான்சில் வேறு மாதிரி. அங்கே கடைசி வீரருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அதிபர் சிராக் 2005-லேயே அறிவித்துவிட்டார். கடைசியில் மிஞ்சியவர் லசார் போன்டிசெல்லி; இத்தாலியில் பிறந்தவர், வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். செத்தவர்களுக்குக் கிடைக்காதது எனக்கெதற்கு என்று மறுத்தார். பிறகு, எல்லாருக்கும் பொதுவாக, எளிமையாக என்றால் சரி என்று இறங்கி வந்தார். 2008 மார்ச்சில் 110 வயதில் போனார். அந்த பிரான்சின் கை நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பஸ் ஏறினால், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1938-ல் திறந்த போர் நினைவகம். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களுக்காகக் கட்டியது. ஒவ்வொரு ஜூலை 14-க்கும் விளக்குப் போடுகிறார்கள். எல்லைக்கு இந்தப்பக்கம் பிறந்தவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாம் போருக்கு வருவோம். 1920-களில் மதராஸ்காரனுக்குச் சண்டை வராது என்று முடிவுகட்டி, மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியது சப்பர்ஸ்தான். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த 1942-ல் திடீரென்று ஞானோதயம்: மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. இந்தியாவிலிருந்து சேர்ந்த 25 லட்சம் பேரில், ஆள் கொடுத்த கணக்கில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் மதராஸ் மாகாணத்துக்கு. போர் முடிந்ததும் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். 1942-ல் சேர்ந்து 1946-ல் திரும்பியவன் எங்கே போவான்? கையில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், ஒரு டிரங்குப் பெட்டி.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் மாநில அரசின் மாத உதவித்தொகை. 2025 சுதந்திர தினத்தன்று கோட்டையிலிருந்து முதலமைச்சர் ஸ்டாலின் அதை உயர்த்தி அறிவித்தார்: இரண்டாம் உலகப்போர் வீரருக்கு 15,000 ரூபாய், மறைந்தவர்களின் மனைவியருக்கு 8,000. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1945-ல் 18 வயதில் சேர்ந்தவருக்கே இப்போது நூறு நெருங்குகிறது. கிட்டத்தட்ட எல்லாரும் போன பிறகுதான் தொகை கௌரவமான அளவுக்கு வந்திருக்கிறது. அதுவும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு இருந்தால். பதிவுக்கு டிஸ்சார்ஜ் புத்தகம். புத்தகம் கரையானுக்குப் போயிருந்தால்?

உம்ராவ் சிங்கை இங்கே சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹரியானாக்காரர். 1944 டிசம்பரில் பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில், குண்டு தீர்ந்த பிறகு பீரங்கியின் இரும்புத் தடியை எடுத்துச் சண்டை போட்டு விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அவருக்கு அதற்கான தொகை வருஷத்துக்கு 168 பவுண்டு. 1995-ல் லண்டன் விழாவுக்குப் போனபோது பிரதமர் ஜான் மேஜரிடமே நேரில் சொன்னார், 1,300 ஆயிற்று. விக்டோரியா கிராஸ்காரரே போய் வாய்திறந்து கேட்க வேண்டியிருந்தது என்றால், வானூர்ப் பக்கத்துச் சுமைகூலி யாரிடம் போய்க் கேட்பார்?

இந்தியாவின் கடைசி முதல் உலகப்போர் சிப்பாய் இன்னார் என்று கொடி போர்த்தி எந்த ஊரும் அனுப்பிவைக்கவில்லை. அவர் இங்கேயே, மயிலத்திலோ மரக்காணத்திலோ, பேரன் வீட்டுத் திண்ணையில் போயிருக்கவும் கூடும். இரண்டாம் போரின் கடைசி ஆளையாவது அப்படி விட வேண்டாமே என்பதுதான் இத்தனை வாரமாய் என் நச்சரிப்பு. விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களே, வீட்டில் மெடல் இருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள்; விளிம்பு எழுத்து தேய்ந்துவிடும். சாய்ந்த வெயிலில் வைத்து விளிம்பைப் படம் எடுத்து அனுப்புங்கள். வெண்கலமாக இருந்தால் முதலில் அனுப்புங்கள்.

உளுந்தூர்பேட்டை அடுத்த வாரம், நிச்சயமாக. ஓடுதளத்தோடு ஒரு கேள்வியும் உண்டு: சமையல்காரரைச் சேர்த்தாயிற்று; ஜல்லி சுமந்து அந்த ஓடுதளத்தைப் போட்டவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

(தொடரும்)