ஆஸ்திரேலியா விசா: மெடிக்கலும் போலீஸ் சான்றும் எப்போது எடுப்பது?



சவூதி, துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று பிழைப்புக்காகப் பயணம் போவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. இப்போது நம் பிள்ளைகளில் பொறியாளர்கள், நர்ஸுகள், கணக்காளர்கள் எனப் படித்தவர்கள் பலர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேற விண்ணப்பிக்கிறார்கள். திறன் அடிப்படையிலான 189, 190, 491 ஆகிய விசாக்கள்தான் இவர்கள் பெரும்பாலும் நாடுபவை. இதுபற்றி எங்களிடம் வருகிறவர்கள் அதிகம் கேட்பது ஒரே கேள்வி: "மெடிக்கலையும் பி.சி.சி.யையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?"

எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பதும் தவறு, கேட்கும்வரை எதையும் தொடாமல் இருப்பதும் தவறு. எந்தச் சான்று கிடைக்க அதிக நாளாகுமோ அதை முதலில் தொடங்க வேண்டும். எது சீக்கிரம் கிடைக்குமோ அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். காரணத்தைப் பார்ப்போம்.

12 மாதக் கணக்கு

ஆஸ்திரேலிய உள்துறை, போலீஸ் சான்றிதழை அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதங்கள் வரை ஏற்கிறது. மருத்துவப் பரிசோதனைக்கும் பொதுவாக அதே 12 மாதங்கள்தான். விசா முடிவாகும் முன்பே இந்தக் காலம் முடிந்துவிட்டால் மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் இரண்டாம் முறை மெடிக்கல் எடுப்பது சின்னச் செலவல்ல.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவருக்கு விசா வழங்கும்போது, இன்ன தேதிக்குள் முதல் முறை ஆஸ்திரேலியாவுக்குள் நுழைய வேண்டும் என்று கடிதத்தில் குறிப்பிடுவது உண்டு. அந்தத் தேதி பெரும்பாலும் போலீஸ் சான்று, மெடிக்கல் இரண்டில் எது முதலில் காலாவதியாகிறதோ அதை ஒட்டியே அமையும். ஓர் உதாரணம்: ஒருவர் ஜனவரி 10 அன்று பி.சி.சி. எடுக்கிறார். மார்ச்சில் மெடிக்கல் முடிக்கிறார். விசா நவம்பரில் வருகிறது. முதல் நுழைவுக்குக் கடைசி நாள் அடுத்த ஜனவரி 10 என்று அமைந்தால், கையில் இருப்பது இரண்டே மாதம். ஐ.டி. நிறுவனத்தில் ராஜினாமாவுக்கு 90 நாள் நோட்டீஸ் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு நடுவில் நிற்கும். ஒருமுறை போய் வந்துவிட்டு, பிறகு நிதானமாகக் குடியேறலாம்தான். ஆனால் அதற்கு வீட்டில் விசா பெற்ற அனைவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

யாருக்கு, எந்த நாட்டின் சான்று?

கடந்த 10 ஆண்டுகளில், 16 வயதுக்குப் பிறகு, மொத்தம் 12 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். 'மொத்தம்' என்பதைக் கவனியுங்கள். ஒரு நாட்டில் முதலில் 7 மாதம், ஊர் வந்து போய்ப் பிறகு 6 மாதம் இருந்திருந்தால் 13 மாதம் ஆகிவிடும். அந்த நாட்டின் சான்று தேவை.

ஒரு குடும்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணவர் ரியாத்தில் 4 ஆண்டுகளும் துபாயில் 2 ஆண்டுகளும் வேலை பார்த்துவிட்டு, 2 ஆண்டுகளாகத் திருச்சியில் இருக்கிறார். மனைவி துபாயில் மட்டும் 14 மாதங்கள் கூட இருந்தார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 3 வயது. கணவருக்கு இந்தியா, சவூதி, அமீரகம் என மூன்று சான்றுகள் வேண்டும். மனைவிக்கு இந்தியா, அமீரகம் என இரண்டு. பிள்ளைகளுக்குப் போலீஸ் சான்று தேவையில்லை. வீட்டில் இருந்த பெண்கள் வேலை பார்க்கவில்லை என்பதால் அவர்களுக்குச் சான்று வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாழ்ந்த காலம்தான் கணக்கு.

முதல் கட்டம்: அழைப்புக்குக் காத்திருக்கும்போது

ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்ப மனு பதிந்துவிட்டால் அது 2 ஆண்டுகள் இருக்கும். அழைப்பு எப்போது வரும், வருமா என்பதையே சொல்ல முடியாது. இந்தக் கட்டத்தில் மெடிக்கலும் எடுக்காதீர்கள், இந்திய பி.சி.சி.யும் எடுக்காதீர்கள். "இப்போதே எடுத்தால் ஃபைல் வலுவாக இருக்கும்" என்று ஏஜெண்ட் சொன்னாலும் வேண்டாம். இவற்றால் ஒரு பாயிண்ட்கூடக் கூடாது.

இந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் வேறு.

ஒன்று, பாஸ்போர்ட். புதுப்பிக்க வேண்டியிருந்தாலும், முகவரி மாற்றவோ துணைவர் பெயர் சேர்க்கவோ வேண்டியிருந்தாலும் இப்போதே முடித்துவிடுங்கள். பி.சி.சி.யில் பாஸ்போர்ட் எண் இருக்கும். மெடிக்கலிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் ஆளை உறுதி செய்வார்கள். இவற்றை எடுத்த பிறகு பாஸ்போர்ட் மாறினால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

இரண்டு, பெயர். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, இகாமாவில் ஒரு மாதிரி, பட்டச் சான்றில் ஒரு மாதிரி இருக்கும். தகப்பனார் பெயர் சில இடங்களில் இனிஷியலாகவும் சில இடங்களில் குடும்பப் பெயராகவும் நிற்கும். எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள்' பற்றிக் கேட்கும்போது அனைத்தையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று, வெளிநாட்டுக் காகிதங்கள். இகாமா அல்லது எமிரேட்ஸ் ஐடியின் இரு பக்க நகல், பழைய பாஸ்போர்ட்டுகளின் விசா பக்கங்கள், எக்ஸிட் முத்திரை, எந்த முகவரியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்ற விவரம், இவற்றைத் திரட்டுங்கள். 80ஆம் எண் படிவத்தைக் கேட்டால் 10 ஆண்டு முகவரி வரலாற்றை இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டியிருக்கும். இன்னும் வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இறுதியாக ஊர் திரும்பும் முன் இந்த நகல்களை எடுத்துவிட வேண்டும். பிறகு சான்று வாங்க இவைதான் கைகொடுக்கும்.

நான்கு, பழைய வழக்குகள். சாலை மறியல், ஆர்ப்பாட்டம், வாகன விபத்து, குடும்பத் தகராறு என்று எப்போதோ பதிவான ஒரு எஃப்.ஐ.ஆர்., பி.சி.சி.க்கான போலீஸ் விசாரணையில் வெளிப்பட்டு வேலையை நிறுத்திவிடும். வழக்கு முடிந்ததா, நிலுவையில் உள்ளதா என்று இகோர்ட்ஸ் தளத்தில் பாருங்கள். முடிந்திருந்தால் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். நிலுவையில் இருந்தால் வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள். வழக்கு இருப்பதாலேயே விசா மறுக்கப்படும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மறைத்தால் மறுக்க அதுவே காரணமாகும். பொய்யான தகவலோ ஆவணமோ கொடுத்ததாக முடிவானால் 3 ஆண்டுகள் வரை வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம். உண்மையைச் சொல்வது நம் மார்க்கக் கடமையும்கூட.

இரண்டாம் கட்டம்: அழைப்பு வந்ததும்

அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 60 நாட்கள் தருவார்கள். வெளிநாட்டுப் போலீஸ் சான்று வேலையை அந்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

சவூதியை விட்டு வந்துவிட்டவருக்குக் கைரேகை, அத்தாட்சி, அங்குள்ள ஒருவர் மூலம் ஒப்படைத்தல் என்று பல படிகள் உண்டு, மாதக்கணக்கில் ஆகலாம். அமீரகத்தில் பெரும்பகுதி இணையவழியாக நடக்கிறது. ஆனாலும் வெளியில் இருப்பவரிடம் கைரேகையும் அத்தாட்சியும் கேட்கப்படலாம். சிங்கப்பூர் போலீஸ், சான்று எதற்காகத் தேவை என்பதற்கு ஆவணம் கேட்கும். அழைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். மலேசியாவில் நன்னடத்தைச் சான்றை வழங்குவது வெளியுறவு அமைச்சகம். ரமலானில் வளைகுடா அலுவலகங்களின் வேலை நேரம் குறையும். இரு பெருநாட்களையும் ஒட்டி நீண்ட விடுமுறை வரும். இவற்றையும் கணக்கில் வையுங்கள். அரபியில் வரும் சான்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்துத் தர வேண்டும்.

விண்ணப்பித்த ரசீது, தூதரகத்துக்கு எழுதிய மின்னஞ்சல், கூரியர் சீட்டு என எதையும் தூக்கி எறியாதீர்கள். சான்று தாமதமானாலோ கிடைக்கவே இல்லை என்றாலோ, முயற்சி செய்தீர்கள் என்பதற்கு இவையே ஆதாரம்.

இந்திய பி.சி.சி. இதைவிட எளிது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, நேரம் பதிந்து, பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போக வேண்டும். சிலருக்கு உடனே கிடைக்கும். போலீஸ் விசாரணைக்குப் போனால் சில வாரங்கள் ஆகும். இப்போது வசிக்கும் முகவரியையே கொடுங்கள். உள்ளூர்க் காவல் நிலையம் தரும் கடிதமோ, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வாங்கும் சரிபார்ப்பு அறிக்கையோ இதற்கு மாற்றாகாது. வெளிநாட்டுச் சான்றுகள் நகரத் தொடங்கிய பிறகு இதை எடுத்தால் போதும்.

மூன்றாம் கட்டம்: மெடிக்கல்

ஆஸ்திரேலிய உள்துறை அங்கீகரித்த குழு மருத்துவர்களிடம் மட்டுமே இந்தப் பரிசோதனையை எடுக்க முடியும். வளைகுடாவுக்காக எடுத்த வாஃபித் மெடிக்கல், அதாவது முன்பு காம்கா என்றது, இதற்குச் செல்லாது. முன்பதிவுக்கு ஹெச்.ஏ.பி. எண் வேண்டும். விண்ணப்பித்த பிறகு இம்மி அக்கவுண்டில் உங்கள் விண்ணப்பத்துக்குள்ளேயே அந்த எண் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே எடுக்க 'மை ஹெல்த் டிக்ளரேஷன்ஸ்' என்ற தனி வழி உண்டு; விண்ணப்பித்தவர்கள் அந்த வழியில் போகக் கூடாது.

எப்போது எடுப்பது? உள்துறை தன் தளத்தில் ஒவ்வொரு விசாவுக்கும் ஆகும் காலத்தை வெளியிடுகிறது. உங்கள் விசா சில மாதங்களில் முடிவாகிறது என்றால், விண்ணப்பித்தவுடன் எடுத்துவிடலாம். ஓராண்டை நெருங்குகிறது என்றால் அவர்கள் கேட்கும்வரை பொறுங்கள். கேட்கும்போது பொதுவாக 28 நாள் அவகாசம் தருவார்கள். மெடிக்கலுக்கு அது போதும். சவூதிச் சான்றுக்கு அது போதாது. அதனால்தான் அதை முதலில் தொடங்கச் சொல்கிறோம்.

பெரியவர்களுக்கு உடல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை உண்டு. எக்ஸ்ரே 11 வயது முதல், எச்.ஐ.வி. பரிசோதனை 15 வயது முதல். 2 வயது முதல் 11 வயதுக்குள் உள்ள இந்தியப் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரேக்குப் பதிலாகக் காசநோய்ப் பரிசோதனை இருக்கும். மேலே சொன்ன திருச்சிக் குடும்பத்தில் இரு பிள்ளைகளுக்குமே அது தேவைப்படும்.

கீழ்க்கண்டவர்கள் மட்டும் காத்திருக்காமல் சற்று முன்னதாகத் திட்டமிடுவது நல்லது:

• முன்பு காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், வளைகுடா மெடிக்கலில் எக்ஸ்ரே தழும்பு காரணமாக 'அன்ஃபிட்' ஆனவர்கள். பழைய தழும்பு இருப்பதாலேயே ஆஸ்திரேலியா மறுத்துவிடாது. சளிப் பரிசோதனை கேட்கலாம். மூன்று நாட்கள் சளி கொடுத்து, கல்ச்சர் முடிவு வர 8 வாரங்கள் வரை ஆகும். பழைய எக்ஸ்ரே, சிகிச்சை அட்டை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். 815ஆம் எண் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பயப்பட வேண்டாம். ஆஸ்திரேலியா சென்றபின் மருத்துவத் தொடர் கவனிப்புக்கு வருவேன் என்ற உறுதிமொழி அது.

• சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள். அண்மைய ரிப்போர்ட்டுகளும் மருந்துச் சீட்டும் இருந்தால் மறு பரிசோதனைக்கு அலைவது குறையும்.

• கர்ப்பிணிகள். எக்ஸ்ரேக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம். விசா முடிவாகும் முன் குழந்தை பிறந்தால் உடனே உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெண்கள் தங்களைப் பரிசோதிக்கப் பெண் டாக்டரோ, கூட இருக்கப் பெண் ஊழியரோ வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். மாதவிடாய் நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் காட்டி மறு பரிசோதனை கேட்கலாம் என்பதால், அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். நோன்பு வைத்துக்கொண்டு அலைவது சிரமம் என்றால் ரமலானுக்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பக் கட்டணம் பெரிய தொகை. விசா மறுக்கப்பட்டால் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. நகையை விற்றோ சேமிப்பைக் கரைத்தோ கட்டும் பணம் அது. "விசா நிச்சயம்" என்று வாக்குத் தருபவர்களை நம்பி வேலையை விடுவதும் வீட்டை விற்பதும் வேண்டாம். விசா கைக்கு வந்து, நுழைவுத் தேதியைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆஸ்திரேலிய உள்துறையின் தளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். நம் பிள்ளைகள் எங்கே போனாலும் ஈமானோடும் நல்ல பெயரோடும் வாழ அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.