ஊமை ஐசிக்கு மாற்றுக் குரல்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்த மத்திய அரசு 1984-இல் 'கிளாஸ்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் சுற்றில் ஏறக்குறைய 250 பள்ளிகள். அங்கே போய் இறங்கிய பெட்டி பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்டது. மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதையே 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர் என்ற கணக்கெல்லாம் மறந்துபோயிருக்கலாம். சுவிட்சைப் போட்டதும் 'பூ... பீப்' என்று வந்த சத்தத்தை அதில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சத்தம் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்த எஸ்என்76489 என்ற 16 கால் ஐசியிலிருந்து வந்தது. கொலிகோவிஷன் விளையாட்டுப் பெட்டியிலும் அது இருந்தது. சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்குள் அதன் நகல் ஒன்று வேறொரு சிப்புக்குள்ளேயே குடியேறியது. இப்போது அதை யாரும் தயாரிப்பதில்லை. செத்தால், இன்னொரு பழைய போர்டிலிருந்து பிடுங்கிப் போடவேண்டும். புதுசு என்று விற்பனைக்கு வருவதில் பழைய ஐசியின் முகத்தைச் சுரண்டி மறுபடி பெயர் அடித்ததும் கலந்திருக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்து, கம்பெனி கைவிட்ட எந்திரத்துக்கு ஸ்பேர் செய்து ஓட்டுவது இந்த ஊரின் பிழைப்பு. மதுக்கரையிலிருந்து குறிச்சி சிட்கோ வரை எந்த லேத் பட்டறைக்கும் தேய்ந்த புஷ் ஒன்றைக் கொண்டுபோனால், வெர்னியரை வைத்து அளந்து, 'சாயங்காலம் வாங்கண்ணா' என்பார்கள். ஒலி ஐசிக்கும் அப்படி ஒரு ஸ்பேர் செய்யலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில் நிரல் எழுதி, பழைய ஐசி இருந்த சாக்கெட்டிலேயே செருகிவிடுவது. உலகெங்கும் பொழுதுபோக்காக இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே வெர்னியர் உதவாது. அளக்க வேண்டியது நடத்தையை.

நடத்தை என்ன? இந்த ஐசிக்குள் மூன்று சுரக் குரல்களும் ஓர் இரைச்சல் குரலும் இருக்கின்றன. பிபிசியில் இதற்குக் கிடைக்கும் துடிப்பு வினாடிக்கு 40 லட்சம். ஐசி அதை 16-ஆல் வகுத்துக்கொள்கிறது. ஆக 4 மைக்ரோவினாடிக்கு ஓர் அடி. ஒவ்வொரு சுரக் குரலும் நாம் கொடுத்த எண்ணிலிருந்து அடிக்கு ஒன்றாகக் குறைத்து எண்ணுகிறது. பூஜ்யம் வந்ததும் வெளியீட்டை மேலே இருந்தால் கீழே, கீழே இருந்தால் மேலே புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறது. அவ்வளவுதான் சங்கீதம். 1,25,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அதிர்வெண். 284 கொடுத்தால் 440 ஹெர்ட்ஸ்.

எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம், பெரிய எண் 1023. அதனால் சுரக் குரல் 122 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. மேலே போகப் போக வேறொரு சங்கடம்: 62 கொடுத்தால் 2016 ஹெர்ட்ஸ், 63 கொடுத்தால் 1984. நடுவில் உள்ள 2000 ஹெர்ட்ஸ் இந்த ஐசிக்குக் கிடையவே கிடையாது. மேல் ஸ்தாயியில் கமகம் கேட்டால் அது படிப்படியாகத்தான் ஏறி இறங்கும். நாம் செய்யும் மாற்று ஐசியும் இப்படியே அபசுரம் தட்ட வேண்டும். 2000 ஹெர்ட்ஸைத் துல்லியமாகத் தரும் 'நல்ல' ஐசி, பழைய நிரலுக்குப் பொய் ஐசி.

நேரத்தைப் பொறுத்தவரை இந்த ஐசி மைக்ரோகன்ட்ரோலர்காரர்களுக்குத் தோதானது. தன்னிடம் எழுதப்படும் ஒரு பைட்டை வாங்கிக்கொள்ள அதற்கு 32 துடிப்புகள், அதாவது 8 மைக்ரோவினாடி வேண்டும். அவ்வளவு மந்தமான ஐசியை பிராசசரின் பாதையில் நேராக வைக்க முடியாது என்பதால் ஏகார்ன் பொறியாளர்கள் 6522 என்ற இன்னொரு சிப்பின் பின்னால், மெதுவான தனிப் பாதையில் வைத்தார்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலருக்கு 8 மைக்ரோவினாடி என்பது 128 துடிப்பு. பைட்டைப் பிடித்து வைக்க அது தாராளம்.

இறுக்கம் வருவது ஒலியை உண்டாக்கும் பக்கத்தில். பழைய ஐசியின் ஓர் அடிக்கு ஏவிஆரிடம் 64 துடிப்புதான் உண்டு. அதற்குள் நான்கு குரலையும் எண்ணி, கூட்டி, வெளியே அனுப்ப வேண்டும். முடியாதவர்கள் வினாடிக்கு 2,50,000 முறைக்குப் பதில் 44,100 முறை கணக்குப் போட்டால் போதும் என்று குறைத்துக்கொள்வார்கள். சிடிக்கே அதுதானே கணக்கு என்று தோன்றும். இங்கே அது செல்லாது. 4 மைக்ரோவினாடிக் கட்டத்தில் புரள வேண்டிய அலை 22.7 மைக்ரோவினாடிக் கட்டத்தில் புரளும்போது ஒவ்வொரு விளிம்பும் கொஞ்சம் முன்னே பின்னே விழுகிறது. உச்ச சுரங்களில் அது யாரும் எழுதாத ஒரு சீட்டியாகக் கேட்கும். 2021-இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவின் ஆர்பி2040 சிப் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. 133 மெகாஹெர்ட்ஸில் ஓர் அடிக்கு 532 துடிப்பு, அதுவும் இரண்டு பிராசசர்களாக. ஆனால் அது 3.3 வோல்ட் ஜாதி. பழைய போர்டு 5 வோல்ட். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் ஐசி ஒன்று வைக்காமல் நேராகச் செருகக் கூடாது.

ஒலி அளவு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு குரலுக்கும் 16 படி, படிக்கு 2 டெசிபல், கடைசிப் படி முழு மௌனம். எட்டு பிட் வெளியீட்டை நான்கு குரலுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 63 வரும். அதில் மிக மெல்லிய படிகள் 3.2, 2.5 என்று இறங்குகின்றன. முழு எண்ணாக்கினால் இரண்டுமே 3. தேய்ந்து மறைய வேண்டிய சுரம் கடைசியில் தடுக்கி நிற்கும். வெளியீட்டை இன்னும் சில பிட் அகலமாக்கினால் சரியாகிவிடும்.

எனக்கு இந்த ஐசியில் மிகப் பிடித்த இடம் இரைச்சல் குரல். உள்ளே 15 பிட் நீளமுள்ள ஷிப்ட் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டு வந்த விடையை வாலில் சேர்த்தால் மழை, வெடி, டிரம் போன்ற 'உஸ்' சத்தம். ஒப்பிடாமல் ஒரே ஒரு பிட்டை மட்டும் சுற்றவிட்டால், 15 நகர்வுக்கு ஒரு தட்டு. இந்த நகர்வின் வேகத்தை ஒரு சுரக் குரலே ஓட்டும்படியும் வைக்கலாம். அப்போது அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணில் பதினைந்தில் ஒரு பங்கு வெளிவரும். 122 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாத ஐசி, இந்தக் கொல்லைப்புற வழியாக 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கிவிடுகிறது. பிபிசி விளையாட்டுகளில் பாஸ் கேட்ட இடங்களில் இந்தத் தந்திரம் வேலை செய்திருக்கிறது.

சேகா வகை ஐசியில் அந்த ரெஜிஸ்டர் 16 பிட். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் அதிகம் ஆராய்ந்தது சேகாவை என்பதால், அந்த நிரலை அப்படியே எடுத்து பிபிசிக்கு மாற்று ஐசி செய்தால் பாஸ் 15-க்குப் பதில் 16-ஆல் வகுபடும். 16-க்கு 15 என்ற விகிதம் சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் பழக்கமானது: ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரம். மேலே மூன்று குரலும் சுருதியோடு பாட, பாஸ் மட்டும் முழுசாக ஒரு ஸ்வரஸ்தானம் கீழே போய்விடும். ஒரே ஒரு பிட் செய்த வேலை.

பிழையைத் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு கொமடோர் 64 கணினியின் சிட் ஐசி சாட்சி. எம்ஓஎஸ் டெக்னாலஜியில் பாப் யானஸ் 1981-இல் வடிவமைத்த 6581-இல், ஒலி அளவை மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது குறைதான். அந்த 'டக்'கை வேகமாக அடுக்கியே பேச்சையும் டிரம்மையும் ஒலிக்கவைத்துவிட்டார்கள் நிரலாளர்கள். பின்னால் வந்த 8580-இல் பொறியாளர்கள் குறையைச் சரிசெய்ய, அந்தப் பாட்டுகளில் பேச்சு கேட்காத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. சிட்டில் அனலாக் ஃபில்டர் வேறு இருக்கிறது. ஒரு 6581 போல இன்னொரு 6581 ஒலிக்காது. பைட்டைப் பிடிக்கவும் அரை மைக்ரோவினாடிதான் அவகாசம். ஏவிஆர் வைத்து ஸ்வின்சிட், ஆர்ம் வைத்து ஆர்ம்சிட் என்று மாற்றுகள் வந்தும், எது உண்மையான சிட் என்ற சண்டை ஓயவில்லை.

ஆகவே முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு எஸ்என்76489-தான் சரி. சுவிட்ச் போட்டதும் வரும் 'பூ' பிபிசியின் நிரல் செய்வதல்ல. கட்டளை எதுவும் வருமுன் ஐசி தானாக முனகுவது. நிரல் விழித்து அதை அடக்கிவிட்டுத்தான் 'பீப்' அடிக்கிறது. நம் மைக்ரோகன்ட்ரோலர் எழுந்திருக்கத் தாமதித்தால் 'பூ' போய்விடும். அடக்கச் சொன்ன கட்டளையையே தவறவிட்டாலும் விடும். வயரிங் போடுமுன் டேட்டாஷீட்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். டெக்சஸ்காரர்கள் டி0 என்று பெயரிட்ட கால்தான் அவர்கள் வழக்கப்படி மதிப்பில் பெரிய பிட், டி7 சிறியது. மற்ற எல்லோருக்கும் அது தலைகீழ்.