கம்போங் ராஜாவுக்கு ஏற்ற மடிக்கணினி எது?

கம்போங் ராஜாவில் மடிக்கணினி பழுதானால் பெரும்பாலும் மலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். சிம்பாங் பூலாய் பாதையில் ஈப்போவுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடைமழையில் மண் சரிந்தால் அதுவும் உறுதியில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் இன்னொரு பயணம். தேயிலைத் தோட்டத்திலோ காய்கறித் தோட்டத்திலோ நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று.

என் அக்கா வீடு அங்கேதான். அவர் மகளுக்குப் பினாங்கில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது, புள்ளியியல் படிக்க. பிடிபிடிஎன் கடன் கைக்கு வருவதற்கு முன்பே கணினி வேண்டும். அத்தானால் முடிந்தது 1,200 வெள்ளி.

"மாமா, கடையில 2,500 வெள்ளி சொல்றாங்க. லினக்ஸ் போட்டா பழசே போதும்னு நீங்க சொல்வீங்களே, உண்மையா?" என்று போன் செய்தாள்.

"உண்மைதான்மா. ஆனா எந்தப் பழசுன்னு பார்க்கணும்" என்றேன். ஈப்போவில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ் எனக்குச் சோறு போடுகிறது. அதற்காக எல்லாருக்கும் அதையே கட்டிவைக்க மாட்டேன்.

லினக்ஸ் என்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எனப் பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் ஓடும் என்பதால் இப்போது அதற்கு மவுசு கூடியிருக்கிறது. காரணம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. அதனால் அலுவலகங்கள் நல்ல நிலையில் உள்ள கணினிகளைக்கூடக் கழித்துவிடுகின்றன. அவைதான் பழைய கணினிக் கடைகளுக்கு வருகின்றன.

அப்படியானால் கிடைத்ததை வாங்கி லினக்ஸ் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தயாரிப்பாளர் யார் என்ற கேள்வி வருகிறது. ஒரு மடிக்கணினிக்குள் வைஃபை, ஒலி, கேமரா, விரல்ரேகை உணரி என்று பல நிறுவனங்களின் சில்லுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் என்கிற இயக்கி மென்பொருள் தேவை. விண்டோஸுக்கு அதைத் தயாரிப்பாளரே கொடுத்துவிடுவார். லினக்ஸுக்குக் கொடுப்பவரும் உண்டு, கண்டுகொள்ளாதவரும் உண்டு. இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் போட்டவுடன் வேலை செய்யும். சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகள் பாடாய்ப் படுத்தும். என்விடியா ஒத்துழைக்கவில்லை என்று 2012-ல் டோர்வால்ட்ஸ் மேடையிலேயே திட்டித் தீர்த்தார். பத்து வருடம் கழித்து, 2022-ல்தான் அந்த நிறுவனம் தன் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது.

லினக்ஸையே நம்பிக் கணினி விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் டென்வர் நகரில் சிஸ்டம்76, ஜெர்மனியில் டக்ஸிடோ, இங்கிலாந்தில் ஸ்டார் லேப்ஸ். தரமானவைதான். ஆனால் விலை, அனுப்பும் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் அத்தானின் 1,200 வெள்ளி எந்த மூலைக்கு? பழுதானால் கடல் கடந்து திருப்பி அனுப்ப வேண்டும். ஈப்போவுக்கு இறங்குவதே பெரும்பாடு!

நமக்குக் கைகொடுப்பது அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட மடிக்கணினிகள்: லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்பியின் எலைட்புக். டெல் 2012-லேயே உபுண்டு போட்ட எக்ஸ்பிஎஸ் 13 கணினியை மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக விற்றது. 1992-ல் ஐபிஎம் தொடங்கிய திங்க்பேட், 2005-ல் லெனோவோவின் கைக்கு மாறியது. 2020-ல் லெனோவோ தன் திங்க்பேட் பி வரிசை முழுவதையும் லினக்ஸுக்குச் சான்றளிப்பதாக அறிவித்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. கணினியின் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கு விண்டோஸ் தேவைப்பட்டது. இப்போது எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவை வழியாக லினக்ஸிலிருந்தே செய்யலாம். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் அதில் பங்கேற்கின்றன. ஆனால் எல்லா மாடலும் அதில் இருக்காது. கடைக்குப் போகுமுன் மாடல் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

திங்க்பேடுக்கு இன்னொரு அனுகூலம், கழற்றிப் பொருத்தும் முறையைப் படத்துடன் விளக்கும் கையேட்டை லெனோவோ இலவசமாகத் தருகிறது. எந்த ஆணியை எந்த வரிசையில் கழற்றுவது என்பது வரை அதில் இருக்கும். மலையில் இருக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

தனி ஒருவர் கேட்டால் தயாரிப்பாளர் காதில் விழாது. மொத்தமாக வாங்கும் அரசாங்கம் கேட்டால் விழும். தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது 2006-07 வாக்கில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் மம்பு 2004-ல் திறந்த மூல மென்பொருளுக்கென்று ஒரு மையமே அமைத்தது. அந்த வேகம் பள்ளிக்கூட மேசை வரை வந்திருந்தால் இன்று நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்காது.

கடைசியில் நாங்கள் வாங்கியது திங்க்பேட் டி480. 2018-ல் வந்த மாடல். எட்டாம் தலைமுறை செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 850 வெள்ளி. இரண்டு பேட்டரி உண்டு, ஒன்றை வெளியிலிருந்தே கழற்றலாம். நினைவகத்தையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். இதைவிட மெல்லிய, அழகான மாடல்கள் கடையில் இருந்தன. அவற்றில் சிலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அழகுக்கு ஆசைப்பட்டால் பிறகு கூட்ட முடியாது.

பணம் கொடுக்குமுன் அரை மணி நேரம் சோதித்தோம். லினக்ஸ் மின்ட் பதிந்த ஒரு யூஎஸ்பியைக் கையோடு கொண்டுபோனேன். கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பார்த்தோம். சார்ஜ் ஏறும் இரண்டு யூஎஸ்பி-சி துளைகளையும் தனித்தனியாகச் சோதித்தோம். அந்தக் காலத்துத் திங்க்பேடுகள் சிலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் கோளாறால் அந்தத் துளை கெட்டுப்போவதுண்டு. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. பயாஸ் கடவுச்சொல் கேட்டால் வாங்கவே வாங்காதீர்கள். பழைய முதலாளி அலுவலகம் பூட்டிய பூட்டு அது. திறப்பது லேசில்லை.

விரல்ரேகை உணரி மட்டும் வேலை செய்யவில்லை. "பரவாயில்ல மாமா, பாஸ்வேர்டு அடிச்சுக்கிறேன்" என்றாள்.

மின்ட் போட்டபின் அவளுக்குப் பிடித்தது, அது கேட்காமல் புதுப்பித்துக்கொள்வதில்லை என்பது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிறவர்களுக்கு டேட்டா முக்கியம். தமிழும் எளிதாக வந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கும் தனி வழி உண்டு. புள்ளியியலுக்கு வேண்டிய ஆர், பைத்தான் இரண்டும் லினக்ஸில் தடையின்றி ஓடும்.

எட்டாம் தலைமுறைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் இணையத் தேர்வுக்கு லாக்டவுன் பிரவுசர் கேட்கின்றன. அதில் பரவலாகப் பயன்படும் ரெஸ்பாண்டஸ், லினக்ஸில் ஓடாது. அதனால் விண்டோஸ் 11-ஐயும் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். மைக்ரோசாப்ட் ஆபீஸும் லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. லிப்ரே ஆபீஸ் பெரும்பாலான வேலைக்குப் போதும் என்றாலும், விரிவுரையாளர் கொடுத்த வேர்டு கோப்பில் அட்டவணைகள் சில சமயம் கலைந்துபோகும். ஒப்படைக்குமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவள் தோழிகள் இருவர் அதே டி480 வேண்டும் என்கிறார்கள். ஒருத்தி கணக்கியல்; அவள் பல்கலைக்கழகம் எந்த மென்பொருளைக் கேட்கிறது என்று விசாரித்து வரச் சொன்னேன். இன்னொருத்தி கட்டடக்கலை படிக்கப் போகிறாள். ஆட்டோகேடும் ரெவிட்டும் லினக்ஸில் வராது. அவளை விண்டோஸ் கணினியே வாங்கச் சொல்லிவிட்டேன்.