எல்லாரும் எல்லாரையும் சந்திக்கும் ஆட்டம்

ஒரு நடன மண்டபத்துக்கு நீங்கள் போகிறீர்கள். அங்கு உங்களுக்கு யாரையும் தெரியாது. நடனமும் தெரியாது. அரை மணி நேரத்தில் அங்குள்ளவர்களுடன் தவறின்றி ஆட முடியுமா? முடியும் என்கிறது, அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் வேரூன்றிய கான்ட்ரா நடனம். இங்கிலாந்து நாட்டுப்புற நடனங்களிலிருந்து வளர்ந்தது இது. அந்த நடனங்களைத் தொகுத்து ஜான் பிளேஃபோர்டு 1651இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார்.

இந்த நடனத்துக்குக் கடினமான அடவுகள் இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும். மேடையில் பிடில், கிட்டார், பியானோ போன்ற கருவிகளை வாசிப்பார்கள். மேடையிலிருந்து மண்டபத்தின் கடைசி வரை ஆட்டக்காரர்கள் எதிரெதிராக இரண்டு நீண்ட வரிசைகளில் நிற்பார்கள். எதிரே நிற்பவர் உங்கள் துணை. நீங்கள் இருவரும் ஓர் இணை. அடுத்தடுத்துள்ள இரண்டு இணைகள் சேர்ந்தால் நால்வர் குழு. நால்வரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். வலக்கைகளை நடுவில் சேர்த்து நட்சத்திரம்போல் சுழல்வார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் மேடையிலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். இசை தொடங்குமுன் ஒருமுறை மெதுவாக நடத்தியும் காட்டுவார்.

இசையும் வழிகாட்டுகிறது. மெட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் 16 தாளத் தட்டுகள் கொண்டது. ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். ஆக, ஒரு சுற்றுக்கு 64 தட்டுகள். இதற்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். நடனமும் அதே 64 தட்டுகளுக்குள் அமைகிறது. வழி தவறிவிட்டீர்களா? கவலை வேண்டாம். மெட்டின் பகுதி மாறுவது காதில் விழும். அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

இனிதான் கணக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழுவில் உள்ள இரண்டு இணைகளும் தம்முள் இடம் மாறிக்கொள்கின்றன. ஒன்று மேடையை விட்டு ஓரிடம் விலகும். மற்றொன்று மேடையை நோக்கி ஓரிடம் நகரும். அடுத்த சுற்றில் இரண்டுக்கும் புதிய இணை எதிர்ப்படும். வரிசையின் முனைக்கு வந்த இணைக்கு ஆட ஆள் இருக்காது. அது ஒரு சுற்று காத்திருந்து, பின் எதிர்த்திசையில் நகரத் தொடங்கும்.

நான்கு புளியங்கொட்டைகளில் 1 முதல் 4 வரை எண்களை எழுதி ஒட்டி, வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு கொட்டையும் ஓர் இணை.

தொடக்கம்: 1 2 3 4
முதல் சுற்றுக்குப் பின்: 2 1 4 3
இரண்டாம் சுற்றுக்குப் பின் (நடுவில் உள்ளவை மட்டும் மாறும்): 2 4 1 3
மூன்றாம் சுற்றுக்குப் பின்: 4 2 3 1
நான்காம் சுற்றுக்குப் பின் (மீண்டும் நடுவில் மட்டும்): 4 3 2 1

வரிசை தலைகீழாகிவிட்டது! 1இன் பயணத்தைக் கவனியுங்கள். அது முதலில் 2ஐயும், பிறகு 4ஐயும், பிறகு 3ஐயும் சந்தித்தது. ஒரு சுற்று காத்திருந்தது. மற்ற இணைகளுக்கும் இதே கணக்குதான். எல்லாரும் எல்லாரையும் சரியாக ஒருமுறை சந்தித்தார்கள். எல்லாரும் சரியாக ஒருமுறை காத்திருந்தார்கள். எத்தனை இணைகள் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 12 இணைகள் என்றால் 12 சுற்றுகள்; சுமார் ஆறேழு நிமிடங்கள்.

புதியவருக்கு இதில்தான் நன்மை. நன்கு ஆடுபவர்கள் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டு, புதியவரை ஓரத்தில் விட்டுவிட முடியாது. ஒவ்வோர் அரை நிமிடமும் வேறு இரண்டு பேர் அவரிடம் கைநீட்டியே ஆகவேண்டும். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. வரிசையே அறிமுகப்படுத்தி வைக்கிறது. ஓர் ஆட்டம் முடிந்ததும் துணையையும் மாற்றிக்கொள்வது அங்கு வழக்கம்.

எண்களை ஏறுவரிசையில் அடுக்கக் கணிப்பொறியிலும் இதையொத்த முறை ஒன்று உண்டு. அதில் பக்கத்துப் பக்கத்து எண்களை இதேபோல் மாறி மாறி ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு வேறுபாடு: நடனத்தில் எப்போதும் இடம் மாறவேண்டும், கணிப்பொறியில் வரிசை தவறாக இருந்தால் மட்டும் மாறினால் போதும். 100 எண்கள் எப்படிக் கலைந்து கிடந்தாலும் 100 சுற்றுகளுக்குள் ஒழுங்காகிவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஐந்து இணைகள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இணை காத்திருக்க நேரும். அப்போதும் எல்லாருக்கும் காத்திருப்பு சமமாக அமையுமா? இன்னொரு புளியங்கொட்டையை எடுத்து வைத்துப் பாருங்களேன்!